உங்களுக்குத் தெரியுமா? புகுஷிமா நீர் ஏன் கடலுக்குப் போகிறது?

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் ஜப்பானின் புகுஷிமா அணு உலைகள் உருகின. அவற்றைக் குளிர்வித்த நீர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் தேங்கியது. சுத்திகரிப்பில் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவை பெருமளவு நீங்கிவிடும். ஆனால் டிரிட்டியம் நீங்காது. அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம், நீர் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பது. எனவே கடல்நீர் கலந்து, டிரிட்டியத்தை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் (கதிரியக்க அலகு) கீழே குறைத்து, 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலடிச் சுரங்கம் வழியே வெளியேற்றுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே லிட்டருக்கு 10,000 பெக்கரல். ஆனாலும் சீனா அன்றே ஜப்பானியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. உள்ளூர் மீனவர்களின் மனக்குறை இன்னும் நியாயமானது: அவர்களின் புரிந்துணர்வு இல்லாமல் நீரை வெளியேற்றுவதில்லை என்று 2015இல் அரசும் அணு உலைகளை நடத்தும் மின் நிறுவனமும் எழுத்தில் உறுதி கொடுத்திருந்தன.