ஊரின் உயரம் பலகையில், உங்கள் மனையின் உயரம்?

ஊட்டி ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயரோடு கடல் மட்டத்திலிருந்து அதன் உயரமும் எழுதியிருக்கும்: சுமார் 2,200 மீட்டர். மலைரயில் புறப்படும் மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். கோவை ஏறக்குறைய 400 மீட்டர். சென்னையோ சராசரியாக ஆறேழு மீட்டர்தான்.

ஆனால் மனை வாங்குகிறவருக்கு ஊரின் உயரம் கைகொடுக்காது. 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையிலேயே, ஒரு நல்ல மழைக்கு லங்கா கார்னர் ரயில் பாலத்தடி குளமாகிவிடுகிறது. தண்ணீருக்குக் கடல் மட்டக் கணக்கு தெரியாது. பக்கத்து நிலத்தைவிட எது தாழ்வோ அங்கே போகும்.

தென்சென்னையைப் பாருங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அந்தப் பள்ளத்தின் பெரும்பகுதி இன்று குடியிருப்பும் சாலையும் குப்பைமேடும். மிஞ்சியதற்கு 2022-ல்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் நீர் புகுந்தது இயற்கையின் சதி அல்ல. தி.நகர்கூட மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த பகுதிதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அரசின் இணையவழி நிலச் சேவையில் இது கிடைக்கும். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்; ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, கட்டிய வீடும் தப்பாது. ஏரிப் பாசன நஞ்சை என்றிருந்தாலும் யோசிக்க வேண்டும். மதகைத் திறந்தால் தானாகவே நீர் பாய்ந்த நிலம் அது. அப்படியென்றால் ஏரியைவிடத் தாழ்வான நிலம் என்றுதானே பொருள்?

நீர்நிலையை ஒட்டிய மனைப்பிரிவு என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றை விற்பவரிடம் கேளுங்கள். எந்த மட்டம்வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். வாங்குவோர் பலர் இந்தக் காகிதத்தைக் கேட்பதே இல்லை. விற்பவர் காட்ட மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

"வெள்ளமே வராத இடம்" என்று விளம்பரம் செய்து விற்றிருந்தால்? அந்த விளம்பரத் தாளைப் பத்திரமாக வையுங்கள். 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு பெற உரிமை தருகிறது. விலக நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம். புகாரைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களின் தொல்லை வேறு. ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட, சாலை ஏறி வீடு பள்ளமாகிறது. லட்சக்கணக்கில் செலவழித்து, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்திவிட்டார். சுரண்டாமல் தார் கொட்டினால், வேலை நடக்கும்போதே படம் எடுத்து மாநகராட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள். சாலை போட்டு முடித்த பிறகு நியாயம் கேட்டுப் பயனில்லை.

வீட்டுக் காப்பீட்டையும் மறக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும்.

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், பெருமழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். முனைக் கடைக்காரரிடம், 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். முன்பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.