தாய்ப்பாலூட்டலும் சமூகத் துணையும்

பாலூட்டல் தாயொருத்தியின் தனிக் கடமையெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. உடற்றொழிலியல் இக்கருத்தை ஆதரிப்பதில்லை. குழந்தை உறிஞ்சுவதால் எழும் நரம்புத் தூண்டலினால் இரு ஓமோன்கள் சுரக்கின்றன. புரோலத்தின் பாலை உண்டாக்குகின்றது. ஒட்சிற்றோசின் அதனை வெளிப்படுத்துகின்றது. அச்சமும் நோவும் மனக்கலக்கமும் பின்னையதைத் தடைசெய்யவல்லன. எனவே, தாயைச் சூழ்ந்திருப்போரின் சொல்லும் செயலும் பாலின் வரவைப் பாதிக்கின்றன.

யாழ்ப்பாணத்து மரபு இதனை ஒருவாறு உணர்ந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்த கறியும் பாற்சுறாவும் கொடுத்து, வீட்டுவேலையினின்றும் விலக்கி வைத்தனர். சுறாவினும், அவளுக்குக் கிடைத்த ஓய்வும் மூத்த பெண்களின் துணையுமே பெரிதும் உதவின எனலாம். ஆயினும் மரபு முற்றும் குறையற்றதன்று. சீம்பாலைக் கழித்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் பருக்கிய குடும்பங்களும் இருந்தன.

இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அத்துணையைச் சிதைத்துவிட்டன. அவ்விடத்தை நிரப்புதற்கான வழி புதிதன்று. உலக சுகாதார தாபனமும் யுனிசெப்பும் 1989இல் வெளியிட்ட பத்து நெறிகளுள் இறுதியானது, தாய்மார் ஆதரவுக் குழுக்களை வளர்த்தலாகும். இலங்கையிலே வீடுதேடி வரும் குடும்பநல மாது இப்பணிக்கு அச்சாணியாவார். 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர்.

எனினும், ஆறு மாதம் தாய்ப்பாலே போதுமென்று கூறும் நாட்டில், தனியார்துறைப் பெண்ணுக்குச் சட்டம் உறுதிசெய்யும் பிரசவ விடுமுறை 84 நாளே. எஞ்சிய நாட்களில் அவளுக்குத் துணையாவோர் எவர்? இதற்கு விடையளிக்கும் பொறுப்பு தாயினுடையதன்று, சமூகத்தினுடையதே.