தண்ணீர் செதுக்கிய பள்ளத்தாக்கு

பிரான்சின் தென்மேற்கில் தோர்தோன் என்றொரு மாவட்டம் இருக்கிறது. வால்நட் தோப்பு, ஓக் காடு, மேய்ச்சல் நிலம், மஞ்சள் கல்லில் கட்டிய சின்னச் சின்ன ஊர்கள் என்று நீளும் நாட்டுப்புறம். அதை ஊடறுத்துக்கொண்டு வெஸேர் ஆறு ஓடுகிறது. மீல்வாஷ் பீடபூமியில் பிறந்து, சுமார் 211 கிலோமீட்டர் ஓடி, லிமோய் என்ற ஊரில் தோர்தோன் ஆற்றோடு கலந்து தன் பெயரை இழந்துவிடும் ஆறு அது.

இந்த ஆற்றின் கடைசிப் பகுதி, மோந்தின்யாக்கிலிருந்து லிமோய் வரை, ஒரே நாளில் சைக்கிளில் கடந்துவிடக்கூடிய தூரம்தான். அந்தச் சிறிய பள்ளத்தாக்கில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்த 147 இடங்களும், அவர்கள் ஓவியமோ செதுக்கலோ விட்டுச் சென்ற 25 குகைகளும் இருக்கின்றன. அவற்றில் 15 இடங்களை யுனெஸ்கோ 1979ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் எத்தனையோ ஆறுகள் ஓடுகின்றன. இந்த ஒரு கரையில் மட்டும் ஏன் இத்தனை நெருக்கம்? அதைக் கேட்டுக்கொண்டு கரையோரமாக நடந்தால், ஒவ்வொரு வளைவிலும் கிடைக்கும் பதில் தண்ணீரில் போய் முடிகிறது.

கல்லிலிருந்து தொடங்கலாம். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புத் துகள்களும் அடிமட்டத்தில் படிந்து இறுகின. கடல் விலகியது. தரை உயர்ந்தது. ஆறு அந்தச் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. மழைநீர் மண்ணில் ஊறும்போது அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. வினிகரோடு ஒப்பிட்டால் அதன் புளிப்பு ஒன்றுமேயில்லை. ஆனாலும் சுண்ணாம்பைக் கரைக்க அது போதும், காலம் மட்டும் வேண்டும். பாறை வெடிப்புகளில் இறங்கிய அந்த நீர் உள்ளே குகைகளைக் குடைந்தது. வெளியே ஆறு செங்குத்தான பாறைச் சுவர்களை எழுப்பி நிறுத்தியது.

அந்தச் சுவர்களை அண்ணாந்து பார்த்தால் கிடைமட்டமாக நீண்ட பள்ளங்கள் தெரியும். மேலே பாறை முன்னால் துருத்தி நிற்கும், கீழே உள்வாங்கியிருக்கும். இதைச் செய்தது உறைபனி. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். நுண்துளைகள் நிறைந்த பாறை அடுக்கில் ஊறிய நீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறையும்போது பாறை செதில் செதிலாகப் பெயர்ந்து விழுகிறது. நெருக்கமான கெட்டி அடுக்கு தாக்குப்பிடித்து நிற்க, துளை மிகுந்த அடுக்கு பின்வாங்குகிறது. பனியூழிக் குளிர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி வேலை செய்ததில், மனிதர்கள் கட்டாமலே அவர்களுக்குத் திண்ணையும் கூரையும் அமைந்துவிட்டன.

லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் என்ற பாறைச்சுவர் இதற்கு நல்ல சாட்சி. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரம், ஐந்து தளங்களாக அடுக்கிய பாறைத் திண்ணைகள். பழைய கற்கால மனிதர்கள் அங்கே ஒதுங்கினார்கள். இடைக்காலத்தில் ஆற்று வழியே வரும் வைக்கிங் படகுகளுக்கு அஞ்சி அதைக் கோட்டையாக்கினார்கள். பிறகு அதற்குள் ஓர் ஊரே குடியிருந்தது. கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த சண்டைக் காலத்தில், 1588ல், அந்தக் கோட்டை இடிக்கப்பட்டது. மர உத்தரங்களைச் செருகுவதற்காக வெட்டிய சதுரக் குழிகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் உளி பட்ட தடம் தட்டுப்படும். கோட்டை போனது, அதைத் தாங்கிய உறைபனித் திண்ணை அப்படியே நிற்கிறது.

பனியூழி மனிதன் இங்கே வந்ததற்குக் கூரை மட்டும் காரணமில்லை. தெற்கு பார்த்த பாறைச்சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கும். கருவி செய்யத் தேவையான சிக்கிமுக்கிக் கல் அதே சுண்ணாம்புப் பாறைக்குள் கட்டி கட்டியாகக் கிடைத்தது. ரெயின்டீர் எனப்படும் பனிமான் கூட்டங்கள் குறுகிய பள்ளத்தாக்கு வழியாகத்தான் இடம்பெயர்ந்தாக வேண்டும்; ஆழமில்லாத துறைகளில் அவை ஆற்றைக் கடக்கும் நேரம் வேட்டைக்கு வாய்ப்பான நேரம். ஆற்றில் சால்மன் மீன் வேறு.

1863ல் எதுவார் லார்தே என்ற பிரெஞ்சு அறிஞரும் ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயரும் இந்தத் திண்ணைகளில் தோண்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டு லா மத்லேன் என்ற இடத்தில், அழிந்துபோன யானையினமான மாமத்தின் தந்தத் துண்டு ஒன்று கிடைத்தது. அதன் மேல் சடைமயிர் தொங்க, தந்தம் வளைய, ஒரு மாமத் கீறப்பட்டிருந்தது. மாமத் வாழ்ந்த காலத்தில் மனிதனே இல்லை என்று வாதிட்டவர்களுக்கு அந்தக் கீறல் பதில் சொல்லிவிட்டது. பார்க்காத விலங்கை எவரும் அப்படி வரைய முடியாது. இதே 1863ல்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். மனிதனின் வயது என்ன என்ற ஒரே கேள்வி அன்று வெஸேர் கரையிலும் பல்லாவரத்திலும் மண்ணைக் கிளறவைத்தது. 1868ல் லேஸெய்ஸி ஊருக்கருகே ரயில் பாதைக்காக மண்ணை அகற்றியபோது ஒரு பாறைத் திண்ணையின் அடியில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பாடநூல்களில் நாம் படிக்கும் குரோமாக்னன் மனிதன் அங்கிருந்து வந்தவன்தான்.

லேஸெய்ஸிக்குப் பக்கத்தில் ஒரு கிளையோடைக் கரையில் சின்னப் பாறைத் திண்ணை ஒன்று உண்டு. அதன் கூரையில் ஒரு சால்மன் மீன் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. 1912ல் கண்டுபிடித்தார்கள், சுமார் 25,000 ஆண்டுகள் பழமையானது. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம், அதாவது உண்மையான மீனின் அளவு. செவுள் மூடி தெரிகிறது. கீழ்த்தாடை கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வந்து இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில்தான் ஆண் சால்மனுக்குத் தாடை அப்படி வளையும். செதுக்கியவன் மீனை உணவாக மட்டும் பார்க்கவில்லை. அதன் பருவத்தை, அலுப்பை, உடல் மாறும் விதத்தைக் கவனித்திருக்கிறான்.

அந்த மீனைச் சுற்றி ஆழமான வெட்டுத் தடங்களும் இருக்கின்றன. அவை நம் காலத்தவை. கண்டுபிடித்த கொஞ்ச நாளிலேயே அதைப் பெயர்த்தெடுத்து வெளிநாட்டுக்கு விற்கப் பார்த்தார்கள். அரசு தலையிட்டுத் தடுத்தது. 25,000 ஆண்டு உறைபனிக்குத் தப்பிய மீன், சில நாள் உளிக்கு இரையாகியிருக்கும்.

உயிருள்ள சால்மனுக்கு அவ்வளவு நல்ல காலம் வாய்க்கவில்லை. கீழே தோர்தோன் ஆற்றில் 19ம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுந்த அணைகள் அதன் பாதையை மறித்தன. மீன்கள் ஏறிவரப் பின்னாளில் வழிகள் அமைத்தார்கள். 2012ல் தோர்தோன் ஆற்றுப் படுகை முழுவதையும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. விலாங்குகள் இன்னும் வருகின்றன. அட்லாண்டிக் கடலின் மறுபக்கத்தில் உள்ள சார்காசோ கடற்பகுதியில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சுகளாக ஆற்றுக்குள் நுழைபவை அவை.

கரையில் ஆல்டரும் வில்லோவும் நீருக்கு மேல் சாய்ந்து நிற்கின்றன. அந்த நிழலில் நீலமாய் ஒரு கோடு கிழித்தாற்போல் பறந்து போவது சிறு மீன்கொத்தி. நம் ஊர்க் குளத்தங்கரையில் பார்க்கும் அதே இனம்தான். சாம்பல் நாரை கல்மேல் அசையாமல் நிற்கும். பாறைச்சுவரில் பொரி வல்லூறு கூடு வைக்கிறது. அதன் கூடும் பனியூழி மனிதனின் குடியிருப்பும் ஒரே உறைபனி வெட்டிக்கொடுத்தவை. சேன் லேயோன் என்ற ஊரில் 12ம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று ஆற்றோரமாகவே நிற்கிறது. கூரைக்கு ஓடு வேயவில்லை, சுண்ணாம்புக்கல் பலகைகளை அடுக்கியிருக்கிறார்கள். பழைய கடல்படுகைதான் அங்கே கூரையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இனி லாஸ்கோ குகை. 1940 செப்டம்பர் 12. பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மோந்தின்யாக்குக்கு மேலே உள்ள குன்றில், சில நாள் முன்பு தான் பார்த்துவைத்த ஒரு குழியை அகலப்படுத்தி, மார்செல் ரவிதா என்ற இளைஞர் உள்ளே இறங்கினார். அவரோடு போனவர்கள் மூன்று சிறுவர்கள். சிறு விளக்கொளியில் சுவர் முழுக்கக் காட்டு மாடுகளும் குதிரைகளும் மான்களும் ஓடின. ஒரு காளை மட்டும் 5 மீட்டருக்கும் மேல் நீளம். 17,000 முதல் 21,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டியவை, நேற்று வரைந்ததுபோல் இருந்தன.

அந்தப் புத்துணர்ச்சிக்குக் காரணம் மேலே இருந்த மண். குகையின் கூரைக்கு மேல் நீர் புகாத களிமண் கலந்த ஓர் அடுக்கு படிந்திருக்கிறது. மழைநீர் உள்ளே சொட்டவில்லை. வாயிலும் சரிந்து மூடிக்கொண்டது. முன்பொரு காலம் நீர் நிறைந்திருந்தபோது சுவரில் படிந்த வெள்ளைப் படிகத் தோல்தான் ஓவியர்களுக்குக் கிடைத்த திரை. காவிக்கல்லில் இருந்து சிவப்பும் மஞ்சளும், மாங்கனீசுத் தாதிலிருந்து கறுப்பும் எடுத்தார்கள். விலங்குக் கொழுப்பு ஊற்றிய கல்விளக்குகளின் வெளிச்சத்தில் வரைந்தார்கள். குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பனிமானுடையவை. சுவரிலோ பனிமான் என்று சொல்லத்தக்க உருவம் ஒன்றே ஒன்று. தின்றதை அவர்கள் வரையவில்லை. என்னை இந்தக் குகையில் மிகவும் யோசிக்கவைப்பது இதுதான். வயிற்றுக்காக வரைந்த மந்திரம் என்ற எளிய விளக்கத்தை இது தள்ளுபடி செய்துவிடுகிறது.

1948ல் குகை பொதுமக்களுக்குத் திறந்தது. 1955 வாக்கில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஒவ்வொருவரும் மூச்சு விட்டார்கள். மூச்சில் ஈரம் உண்டு, வெப்பம் உண்டு, கரியமில வாயு உண்டு. குளிர்ந்த சுவரில் அந்த ஈரம் நீர்த்துளியாகப் படிந்தது. வாயு அதில் கரைந்து மெல்லிய அமிலமானது. குகையை முதலில் குடைந்த அதே வேதிவினை! இம்முறை மழைக்குப் பதிலாக மனிதர்களின் நுரையீரல் அதை நடத்தியது. சுண்ணாம்பு கரைந்து, வேறிடத்தில் வெள்ளைப் படலமாகப் படிந்தது. மின்விளக்கின் வெளிச்சத்தில் பச்சைப் பாசி பரவியது. 1963 ஏப்ரலில் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். 2001ல் வெள்ளைப் பூஞ்சையும், பின்னர் கரும்புள்ளிகளும் வந்தன. ரசிக்க வந்த பதினைந்தே ஆண்டுகளில், சுமார் இருபதாயிரம் ஆண்டு அமைதியைக் குலைத்துவிட்டோம்.

மூடியது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு ஈடாக 1983ல் அருகிலேயே ஒரு நகல் குகை திறந்தார்கள். மோனிக் பெய்த்ரால் என்ற ஓவியர் பல ஆண்டுகள் உழைத்து, அதே வகைக் கனிம நிறங்களைக் கொண்டு அதைத் தீட்டினார். 2016ல் குன்றின் அடிவாரத்தில் இன்னும் முழுமையான நகல் வந்தது. நகல்தானே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அசலைக் காப்பாற்றியதே அந்த நகல்தான் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அசலையே பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு லேஸெய்ஸியில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது. 1901ல் பள்ளி ஆசிரியர் தெனி பெய்ரோனி அதன் ஓவியங்களைக் கண்டறிந்தார். அங்கே பல வண்ணக் காட்டெருதுகள் உண்டு. பாறையின் இயல்பான புடைப்பே சில எருதுகளுக்குத் தோளும் திமிலுமாகிறது. தோர்தோன் குகை ஓவியங்களில் கறுப்பு எல்லாமே தாதுப்பொடி என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். தாதுவைக் கொண்டு வயதைக் கணிக்க முடியாது. 2023ல் வெளியான ஆய்வு ஃபோன் த கோமின் சில உருவங்களில் மரக்கரி இருப்பதைக் காட்டியது. மரக்கரி என்றால் கார்பன் முறையில் வயது கணிக்க வழி பிறக்கும்.

அங்கே ஒரு நாளைக்கு மிகச் சிலரையே, சிறு குழுக்களாகத்தான் அனுமதிக்கிறார்கள். போகும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். இடம் கிடைக்கவில்லையென்றால் வருந்தாமல் ஆற்றோரமாக நடந்துவிட்டு, லாஸ்கோ நகலைப் பாருங்கள். கிடைத்தால், உள்ளே சுவரைத் தொடாதீர்கள், வழிகாட்டி சொல்லும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.