நீர்த் திட்டங்களும் மக்கள் குரலும்

நீர் முகாமைத்துவத் திட்டம் என்றதும் அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் பொறியியலாளரின் வரைபடங்களுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆயின் நீர் யாருக்கு, எவ்வளவு, எக்காலத்தில் என்பதைத் தீர்மானிக்கும் ஆவணமே அத்திட்டம். எனவே அது தொழில்நுட்பப் பிரச்சினையாக உள்ள அளவுக்குச் சமூகப் பிரச்சினையுமாகும். அதனை ஆக்குவதிலும் திருத்துவதிலும் மக்களுக்குள்ள பங்கினை இங்கு நோக்குவோம்.

இலங்கைக்கு இது புதிய கருத்தன்று. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வழக்கிழந்து சென்ற பழைய நீர்ப்பாசன வழக்காறுகளுக்குக் காணிச் சொந்தக்காரரின் கூட்டத் தீர்மானங்கள் வாயிலாகச் சட்ட வலுவளிக்க முற்பட்டது. அம்மரபின் தொடர்ச்சியே இன்றைய பயிர்ச்செய்கைக் கூட்டம். பெரும்போகம், சிறுபோகம் ஆகியவற்றின் தொடக்கத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடி, குளத்து நீரின் அளவுக்கேற்பப் பயிரிடும் பரப்பையும், விதைப்புக் காலத்தையும், நீர் திறக்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் முடிவுசெய்கின்றனர். ஒருவகையில் இது போகந்தோறும் புதுப்பிக்கப்படும் நீர்த் திட்டமே. ஆனால் அதன் எல்லை ஒரு குளமும் ஒரு போகமுமே. குளத்து நீரை வேறொரு தேவைக்குத் திருப்புவது போன்ற நீண்டகால முடிவுகள் அக்கூட்டத்துக்கு வெளியிலேயே உருவாகின்றன.

இவ்விடத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய நீர்ச் சட்டகப் பணிப்புரை எமது கவனத்துக்குரியது. அதன்படி ஒவ்வோர் ஆற்று வடிநிலப் பிரதேசத்துக்கும் திட்டம் வகுக்கப்பட்டு, 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படல் வேண்டும். திட்டக் காலம் தொடங்க 3 ஆண்டுகளுக்கு முன் கால அட்டவணையும், 2 ஆண்டுகளுக்கு முன் வடிநிலத்தின் முக்கிய பிரச்சினைகளும், ஓராண்டுக்கு முன் திட்ட வரைவும் வெளியிடப்படல் வேண்டும். ஒவ்வொன்றின் மீதும் எழுத்துமூலம் கருத்துக் கூற மக்களுக்குக் குறைந்தது 6 மாதம் உண்டு. வரைவு எழுதப்படுமுன்னரே, பிரச்சினை எது என்பதையே மக்கள் விவாதிக்க இடமுண்டு என்பது இதன் சிறப்பு. பெறப்பட்ட கருத்துகளால் திட்டத்தில் நேர்ந்த மாற்றங்களையும் இறுதித் திட்டம் கூறியாக வேண்டும்.

இந்த ஒழுங்கு இல்லாதவிடத்து நேர்வதை இரணைமடு உணர்த்துகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் உவராலும் உரங்களிலிருந்து சேரும் நைத்திரேற்றாலும் பழுதுபட்டுள்ளது. எனவே, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2010ஆம் ஆண்டளவில் உருவான குடிநீர்த் திட்டம் இரணைமடு நீரை நாடியது. சிறுபோகத்தில் ஏற்கெனவே நீர்த் தட்டுப்பாட்டுக்கு உள்ளாகும் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். ஒருபுறம் குடிநீரும் மறுபுறம் உணவுப் பயிரும். இரு கோரிக்கைகளும் நியாயமானவை. ஒரே மக்களின் இரு பகுதியினர் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். ஈற்றில் கடல்நீரைக் குடிநீராக்கும் மாற்றுவழி நாடப்பட்டு, தாளையடியில் அதற்கான நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. மாற்றுவழிகள் அனைத்தும் தொடக்கத்திலேயே இரு மாவட்ட மக்கள் முன்னும் வைக்கப்பட்டிருப்பின், இப்பிணக்கின் கடுமை பெருமளவு தணிந்திருக்கும் என்பது எமது கருத்து.

மக்கள் பங்கு என்னும்போது மக்கள் யார் என்ற வினாவும் எழுகின்றது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் காணிச் சொந்தக்காரரையே கண்டது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களின் வழியே குத்தகைக் கமக்காரருக்கும் இடமளிக்க முனைந்தது. எனினும் கூலி உழைப்பாளரும், குடிநீருக்காக நெடுந்தூரம் நடக்கும் பெண்களும் இக்கூட்டங்களில் இன்றும் அரிதாகவே குரல் பெறுகின்றனர். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் பேசாதிருந்தாலும் நீர் பெறுவர். கடைக்கோடியில் உள்ளவர் பேசியே பெறவேண்டும். அவர் பேசுதற்குரிய காலமும், அவருக்கு மறுமொழி கூறும் கடமையும் சட்டத்தில் இடம்பெறும்போதே நீர்த் திட்டம் மக்களின் திட்டமாகும்.