மீட்டர் முள் சாதி பார்ப்பதில்லை

ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்ட் வேன் ஏறும் மணிமங்கலம் பிள்ளைகளுக்கு விமானம் புதிதல்ல. பக்கத்துத் தாம்பரம் விமானப் படைத் தளத்தில் பறக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியே இருக்கிறது. ஆனால் நம் காலனிப் பிள்ளைகளுக்கு விமானி ஆகும் வழியைச் சொல்பவர்கள் குறைவு.

அந்த வழியில் கடினமான கட்டம் 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' தேர்வு. மேகத்துக்குள் புகுந்தால் வெளியே எதுவும் தெரியாது. விமானம் சாய்ந்திருந்தாலும் நேராகப் போவதாகவே உடம்பு சொல்லும். அதை நம்பினால் ஆபத்து. அதனால் தேர்வில் மாணவரின் வெளிப்பார்வையை மறைத்துவிடுவார்கள். உயரம், வேகம், திசை மூன்றையும் மீட்டர் முட்களைப் பார்த்தே காத்து, ரேடியோ அலை காட்டும் வழியில் ஓடுபாதையை நோக்கி இறங்க வேண்டும்.

இதற்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முள் சாதி பார்ப்பதில்லை. ஆனால் அதன் முன் உட்காரப் பல லட்சம் ரூபாய் வேண்டும். அடமானம் வைக்க நிலமில்லாத வீட்டுக்கு எந்த வங்கி கடன் தரும்?

பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் 2010 விதிகளிலேயே இந்தப் படிப்பு இடம்பெற்றது. எத்தனை பள்ளிகளில் இதைச் சொன்னார்கள்? இன்றைய தொகை, வருமான வரம்பு விவரங்களை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் பள்ளிதோறும் ஒட்ட வேண்டும்.

ஒடிசாவின் மல்கன்கிரியிலிருந்து காவலர் ஒருவரின் மகள், பழங்குடிப் பெண் அனுப்ரியா லக்ரா 2019இல் விமானி ஆனார். நம் பிள்ளைகளும் ஆகலாம். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் எடுங்கள். தவறவிட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவ்விரண்டையும் எழுதலாம்.