கண்ணொளியைக் காக்கும் தடை மருந்து

உடலில் புதிய இரத்தக் குழாய்கள் தோன்றுவது நன்மையே என்று நாம் எண்ணுவது இயல்பு. காயம் ஆறுவதற்கும் கருவிலுள்ள குழந்தை வளர்வதற்கும் அவை இன்றியமையாதவை. ஆயினும், வேண்டாத இடத்தில் கிளைக்கும்போது அவையே நோய்க்குக் காரணமாகின்றன.

புற்றுக் கட்டி பெருகுவதற்குப் புதிய குழாய்களின் வழியே உணவு வந்தாக வேண்டும். அவ்வழியை அடைத்தால் கட்டியை அடக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். குழாய்களைக் கிளைக்கச் செய்யும் புரதம் ஒன்றை 1989இல் நெப்போலியோன் ஃபெரராவும் அவருடன் உழைத்தோரும் பிரித்தெடுத்தனர். அப்புரதத்தைப் பற்றிச் செயலறச் செய்யும் பெவாசிசுமாப் என்னும் மருந்து, 2004இல் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது.

இவ்வகை மருந்துகள் நம்மவர்க்கு மிகுதியும் பயன்படும் இடம் கண்ணாகும். நீரிழிவு பல்லாண்டு கட்டுக்கடங்காதிருப்பின், விழித்திரையின் நுண்குழாய்கள் சிதைந்து அடைபடுகின்றன. பிராணவாயு குறைந்த விழித்திரை அப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் கிளைக்கும் புதிய குழாய்கள் வலுவற்றவை. அவை உடைந்து கண்ணுக்குள் குருதி கசிகிறது. நாளடைவில் தழும்பு படர்ந்து விழித்திரையை இழுத்துப் பெயர்க்கிறது. வலி ஏதுமின்றியே இவை நிகழ்கின்றன.

கண்ணை மரத்துப்போகச் செய்தபின், மருந்தை மிகச் சிறிய அளவில் ஊசியால் விழிக்குள் செலுத்துவர். சில நிமிடங்களில் இது முடியும். ஆனால் இம்மருந்து நோயின் வேரை அறுப்பதில்லை. புரதத்தைச் சில வாரங்கள் அடக்கிவைப்பதே அதன் தொழில். ஆதலின் முதலில் மாதந்தோறும், பின்னர் கண்ணின் நிலைக்கேற்பவும் ஊசி தொடர வேண்டும்.

தாயகத்தை விட்டு வாழும் நமக்கு இடர் இங்கேதான் எழுகிறது. தென் அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்த கராச்சர்மாவில் வாழும் தமிழர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விடுமுறையில் சென்னைக்கோ மதுரைக்கோ வந்து ஓர் ஊசி பெறுகிறார், பார்வை தெளிகிறது, திரும்பிவிடுகிறார். அடுத்த ஊசிக்கும் அவருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேலான கடல் கிடக்கிறது. பார்வைதான் தெளிந்ததே என்று தவணையைத் தள்ளுகிறார். மருந்தின் ஆற்றல் ஓய்ந்ததும் குழாய்கள் மீண்டும் கிளைக்கின்றன.

முற்றிய நீரிழிவு விழித்திரை நோயில் ஊசி மட்டும் பெற்றுப் பின்னர் நெடுநாள் வாராதிருந்தோர், லேசர் சிகிச்சை பெற்று அவ்வாறே வாராதிருந்தோரினும் மிகுதியாகப் பார்வை இழந்தனர் என்று 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. லேசரின் பயன் நெடுநாள் நிற்பதே காரணம். எனவே, எங்கே வாழ்கிறோம், எத்தனை முறை வர இயலும் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். ஊசியா, லேசரா, இரண்டுமா என்று முடிவு செய்ய அது அவருக்குத் துணையாகும். வாழும் ஊரிலேயே சிகிச்சையைத் தொடர வழியுண்டாயின், மருத்துவக் குறிப்புகளை உடன் கொண்டு செல்லல் நன்று.

ஊசிக்குப் பின் கண் வலித்தாலோ, சிவப்பு மிகுந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரை நாட வேண்டும். அரிதாயினும் உட்கண்ணில் சீழ் பிடிப்பது உண்டு. நீரிழிவுடையோர் குறையேதும் தோன்றாவிடினும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருப்போர்க்கு இவ்வூசி தேவைப்படும் நிலை பெரிதும் குறைகிறது.