மடக்கு மிதிவண்டி: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டிலிருந்து பெருவிரைவு ரயில் நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்தால் ஏறக்குறைய இருபது நிமிடம். மிதிவண்டியில் சென்று அதை நிலையத்தில் பூட்டி வைக்கலாம். ஆனால், இறங்கும் நிலையத்திலிருந்து பள்ளியும் அதே தூரத்தில் இருந்தால், வண்டியும் கூடவே வர வேண்டியிருக்கும். இந்தத் தேவைக்கு ஏற்றதுதான் மடக்கு மிதிவண்டி.

சிங்கப்பூரில் மடக்கு மிதிவண்டியை நாள் முழுவதும் ரயிலிலும் பேருந்திலும் கொண்டுசெல்லலாம். மடித்த பிறகு அது 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. ஆகவே, நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்குமுன் மடித்த அளவைக் கேட்டறிவது நல்லது.

எல்லா வண்டிகளும் ஒரே முறையில் மடிவதில்லை. 1970களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி வடிவமைத்த பிராம்ப்டன் வண்டியில், பின்சக்கரம் சட்டத்தின் அடியில் சுழன்று மடங்கும். சக்கரங்கள் 16 அங்குலம். மடித்தால் அகலம் சுமார் 27 செ.மீ.தான். எண்ணெய் படிந்த சங்கிலி இரு சக்கரங்களுக்கும் நடுவில் மறைந்துவிடுவதால் பள்ளிச் சீருடையில் கறை படாது. ஆனால், விலை மிக அதிகம். டேவிட் ஹான் என்ற இயற்பியலாளர் தொடங்கிய டாஹோன் நிறுவனத்தின் வண்டிகள் பெரும்பாலும் சட்டத்தின் நடுவிலுள்ள கீலில் இரண்டாக மடிகின்றன. 20 அங்குலச் சக்கரம் கொண்டவை மடித்தபின் சற்றுப் பெரிதாக இருந்தாலும், மேடுபள்ளங்களில் கூடுதல் நிதானத்துடன் ஓடும்.

எடையையும் மறக்கக்கூடாது. பல வண்டிகள் 11 அல்லது 12 கிலோகிராம் இருக்கும். கடையில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது போதாது. முதுகில் புத்தகப்பையுடன் ஒரு மாடிப்படி ஏறிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சிறிய சக்கரம் என்றால் மெதுவான வண்டி என்று பலர் நினைக்கின்றனர். இது முழு உண்மை அன்று. மிதியோடு இணைந்த பற்சக்கரத்தில் 52 பற்களும் பின்னால் 13 பற்களும் இருந்தால், மிதியை ஒருமுறை சுற்றும்போது சக்கரம் நான்கு முறை சுழலும். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுழற்சியில் சுமார் 1.5 மீட்டர் செல்வதால், வண்டி 6 மீட்டர் முன்னேறும். முன் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் தூரம் கூடும். ஆனால், ஏற்றத்தில் கால் வலிக்கும், சங்கிலியையும் நீளமாக்க வேண்டியிருக்கும். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், மிதிவண்டிப் பாதையில் 25 கிலோமீட்டர் என வேகவரம்பு இருக்கும்போது, பள்ளி மாணவருக்கு அந்தச் செலவு தேவைதானா?

பணத்தை முதலில் டயருக்கும் பிரேக் கட்டைகளுக்கும் செலவிடலாம். மழைநீர் தேங்கிய பாதையில் வண்டியை நிறுத்துபவை அவைதாம். டயர் வாங்கும்போது '20 அங்குலம்' என்று மட்டும் சொன்னால் ஏமாற நேரிடும். அந்தப் பெயரில் 406, 451 என இரண்டு அளவுகள் உள்ளன. ஒன்றின் டயர் மற்றதில் பொருந்தாது. பழைய டயரின் பக்கவாட்டில் '40-406' என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம். அடுத்தது டயர் பொருந்தும் சக்கர விளிம்பின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில்.

வண்டியை விரிக்கும் ஒவ்வொரு முறையும் கீல் பூட்டு இறுக மூடியுள்ளதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். இது அரை நிமிட வேலை. ஓடும்போது பூட்டு திறந்துகொண்டால் விழுவது நிச்சயம்.

வளரும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இருக்கையைத் தாங்கும் தண்டில் ஒரு கோடு குறிக்கப்பட்டிருக்கும். கால் நீள நீள இருக்கையை உயர்த்துவோம். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால், தண்டு வளையவோ உடையவோ கூடும். அப்போது நீளமான தண்டு வாங்க வேண்டும். பல மடக்கு வண்டிகளில் தண்டின் விட்டம் 33.9 மி.மீ.; பிராம்ப்டனில் 31.8 மி.மீ. எனவே, கடைக்குப் போகும்போது பழைய தண்டையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.